திருத்தி அனுப்பிய கடிதம்

ஜனவரி 9 – 4 பக்கம் – பிழை 1
பிப்ரவரி 11 – 4 பக்கம் – பிழை 1
மார்ச் 10 – 5 பக்கம் – பிழை 1
ஏப்ரல் 12 – 4 பக்கம் – பிழை 1
மே – வரவில்லை
ஜூன் – வரவில்லை
ஜூலை 17 – 1 பக்கம் – பிழை 41

இது தம்பியின் நீள நோட்டில் ஒரு வருடத்துக்கான பக்கம், ஜூலை வரைக்கும். முதலில் இருப்பது அக்காவின் கடிதம் கைக்கு வந்த தேதி. கடைசியில் இருப்பது அந்தக் கடிதத்தில் அவர் கண்டுபிடித்த பிழைகளின் எண்ணிக்கை. அதற்கு முந்தைய முப்பது வருடப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். மாதம் ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு பிழை.

அந்த ஒரு பிழை கைதவறி விழுந்தது அல்ல. அக்கா வேண்டுமென்றே வைப்பது. அவள் பதிவு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். அவள் விரலுக்குப் பிழை வராது. தம்பி அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவர்; அவர் கண்ணுக்குப் பிழை தப்பாது. பார்த்துவிடலாம் ஒரு கை என்று அக்காதான் ஆரம்பித்தாள். நான்கு பக்கத்தில் எங்கேயாவது ஒரு சொல்லின் நடுவே இரண்டு எழுத்தை இடம் மாற்றிப் போட்டுவிடுவாள். பதில் எழுதும்போது தம்பி முதல் வரியிலேயே "மூன்றாம் பக்கம், ஏழாம் வரி" என்று எழுதுவார். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். மொத்தம் 364 கடிதங்களில் அவர் கண்ணில் மண்ணைத் தூவியவை இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் பத்து வருடம் சொல்லிக் காட்டினாள்.

கடிதம் எதற்கு, டெலிபோன் இல்லையா என்று கேட்கலாம். அக்காவுக்கு முப்பத்தைந்து வயதில் ஒரு காய்ச்சல் வந்து, இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. டைப் அடிக்கக் காது எதற்கு என்று அதிகாரி வேலையில் வைத்துக்கொண்டார். ஆனால் தம்பியோடு பேசுவதற்குத் தபால்பெட்டியை விட்டால் வேறு வழி இல்லாமல் போயிற்று. ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டிய தூரம்.

தம்பிக்கு அச்சகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். நேரில் எல்லோரும் சார் என்பார்கள். மெஷின்காரர் ஒருவர் மட்டும் முகத்துக்கு நேராகவே பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவார். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாள், பிரித்தவுடன் குப்பையில் போடுகிற தாள், அதைத்தான் அந்த அச்சகம் அடித்தது. யாரும் படிக்காததை ஒருவராவது படிக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அவருடைய இருபத்தாறாவது வயதில் ஒரு சம்பவம் நடந்தது. குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து ஒன்றின் தாள். மருந்தின் பெயரில் நடுவே இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன. அவர் நான்கு முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். பதினெட்டாயிரம் தாள் அச்சாகிவிட்டது. கண்டுபிடித்தது அச்சகத்தைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாள். எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்தவள். தரையில் கிடந்த தாளை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்துப் பார்த்துவிட்டு, "இது என்னங்க பேரு, வாயிலயே நுழைய மாட்டேங்குது" என்று கேட்டாள். முதலாளி அந்தத் தாளை ஒவ்வொருவரிடமும் நீட்டி வாசிக்கச் சொன்னார். கணக்கர், மெஷின்காரர், பைண்டிங் ஆட்கள் என்று ஏழு பேர் வாசித்தார்கள். ஏழு பேரும் மருந்தின் பெயரைச் சரியாகவே வாசித்தார்கள். தாளில் இருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை.

அன்றைக்குப் பதினெட்டாயிரம் தாளையும் அவரே தலையில் சுமந்துகொண்டு போய்க் காகிதக் கூழ் ஆலையில் போட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் அதே யோசனை. தெருமுனையில் வருகிறவர் தெரிந்தவராக இருந்தால், மூக்கையும் காதையும் பார்த்தா அடையாளம் கண்டுகொள்கிறோம்? நடையைப் பார்த்தாலே போதும். சொல்லும் அப்படித்தான். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்து, நீளமும் ஏறக்குறைய ஒத்துப்போனால், நடுவில் கிடப்பதை மனசு தானே அடுக்கிக்கொள்கிறது. பக்கத்துச் சொற்களும் கைகொடுக்கின்றன. நன்றாகப் படிக்கத் தெரிந்தவன் தாளைப் படிப்பதில்லை, தன் மனசைப் படிக்கிறான். பெருக்குகிற அம்மாள் ஒருத்திதான் தாளைப் படித்தாள்.

ஆகவே அவர் அந்த அம்மாளைப் போலப் படிக்கப் பழகினார். ஓர் அட்டையை எடுத்து, ஒரே ஒரு சொல் மட்டும் தெரிகிற அளவுக்கு அதில் ஜன்னல் வெட்டிக்கொண்டார். தாளின் கடைசிச் சொல்லில் ஆரம்பித்து முதல் சொல்லை நோக்கிப் பின்னால் நகர்ந்து வருவார். பின்னாலிருந்து வந்தால் வாக்கியம் காதில் விழாது. வாக்கியம் காதில் விழாவிட்டால் மனசு உதவிக்கு ஓடி வராது. மனசு வராவிட்டால் பிழை தப்பாது. முப்பத்துநான்கு வருடம் இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

வீட்டில் அதற்கு வேறு விதமான விலை. அட்டை இல்லாமலே அவர் கண் எதையும் கடைசியிலிருந்துதான் பிடித்தது. செய்தித்தாளைக் கீழிருந்து மேலே படிப்பார். கதைப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. அவர் மனைவி வாரப் பத்திரிகைத் துப்பறியும் கதைகளுக்கு அடிமை. "இவருக்குக் கொலை செஞ்சவன் யாருன்னு முதல்லயே தெரிஞ்சிடும். செத்தது யாருங்கறதுதான் கடைசி வரைக்கும் தெரியாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவரும் சிரிப்பார். குழந்தைகள் இல்லாத வீடு. மாடிப்படி வீட்டுக்குள்ளேயே ஏறும். அதற்குக் கீழே அவருடைய கோப்புகள் வருடவாரியாக அடுக்கப்பட்டிருக்கும்.

மே மாதம் 3ஆம் தேதி அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. 5ஆம் தேதி அக்கா மகள் அச்சகத்துக்குப் போன் செய்தாள். அன்றே ரயிலேறினார். அக்காவின் வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆளை அடையாளம் தெரிந்தது. தம்பியின் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருந்ததை இடது கை விரலால் சுட்டிக் காட்டினாள். பிழை கண்டுபிடித்துவிட்டாளாம்.

டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, எழுதச் சொல்லுங்கள் என்றார். இடது கையால் எழுதப் பழகலாம். ஆனால் மூளையில் எழுத்துகளை வரிசையாக எடுத்துக் கொடுக்கிற இடத்தில் அடி பட்டிருக்கிறது. "எழுத்தெல்லாம் உள்ள இருக்கும். வரிசைதான் இருக்காது. எழுத எழுத சரியாகலாம்." தம்பி இரட்டைக் கோடு போட்ட நோட்டு ஒன்றும் பென்சில் நான்கும் வாங்கிக் கொடுத்தார். அக்காவை மகளே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மகளுக்குத் துணி ஆலையில் வேலை, கணவன் விட்டுப்போய் எட்டு வருடம் ஆகிறது, தனி ஆள். அதெல்லாம் அவருக்குத் தெரியும். இருந்தாலும் பெற்ற மகள் இருக்கும்போது நாம் என்ன சொல்வது என்று 9ஆம் தேதி திரும்பிவிட்டார்.

ஜூலை 17, வியாழக்கிழமை, கடிதம் வந்தது. உறை மேல் முகவரி அக்கா மகளின் கையெழுத்து. உள்ளே இரட்டைக் கோட்டுத் தாள் ஒன்று, பெரிய பெரிய இடதுகை எழுத்து. "அள்புன்ள தபிம்க்கு" என்று ஆரம்பித்திருந்தது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. எழுதிவிட்டாளே! அக்கா எழுதிவிட்டாளே! செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து அட்டையையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தார். கடைசிச் சொல்லில் அட்டையின் ஜன்னலை வைத்தார். ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இடத்தில் இருந்தன. நடுவில் இருந்தவைதான் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகள் போல முன்னும் பின்னும் ஓடிக்கிடந்தன. அவர் ஒவ்வொன்றையும் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அக்காவின் எழுத்தை அடிக்கவில்லை. மெல்லிய வளைகோடு மட்டும் போட்டு, சரியான சொல்லைத் தாளின் ஓரத்தில் எழுதினார். ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று.

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"அண்ணி என்ன எழுதியிருக்காங்க?"

"நாப்பத்தொண்ணு."

"என்னது நாப்பத்தொண்ணு?"

"பிழை. மோசமில்ல. மூணெழுத்துச் சொல்லெல்லாம் தப்பிச்சிருக்கு."

"மனுஷி எப்படி இருக்காங்கன்னு கேட்டா மார்க் சொல்றீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டு அவள் பொங்கிய பாலை இறக்கப் போய்விட்டாள். மறுநாள் கடிதத்தைக் கேட்டபோது அது அவரோடு அச்சகத்துக்குப் போயிருந்தது. நகல் எடுத்து வருகிறேன், நிதானமாகப் பார் என்றார். நகல் எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் கோப்பில் வைத்தார். எந்த நகலையும் அப்படித்தான் வைப்பார்.

19ஆம் தேதி, திருத்திய தாளை உறையில் போட்டு அக்காவுக்கே அனுப்பினார். கூடவே ஒரு சீட்டும் வைத்தார். "அக்கா, பிழை 41. அடுத்த கடிதத்தில் இருபதுக்குள் வர வேண்டும். பயிற்சியை விடாதே." அக்கா சிரிப்பாள் என்று நினைத்தார். முப்பத்தொரு வருட விளையாட்டு அல்லவா.

ஆகஸ்டில் கடிதம் வரவில்லை. செப்டம்பரில் வரவில்லை. எண்ணிக்கையைச் சொன்னது உறைத்துவிட்டதோ, முழுவதும் சரியாக எழுதிவிட்டுத்தான் அனுப்புவேன் என்று வீம்பு பிடிக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டார். வீம்பு அவளுக்குப் புதிது இல்லை. இரண்டு முறை அக்கா மகளுக்குப் போன் செய்தார். "நல்லா இருக்காங்க மாமா, சாப்பிடறாங்க, தூங்கறாங்க" என்றாள். எழுதுகிறாளா என்று கேட்டார். நான் வேலைக்குப் போய்விடுகிறேன், எனக்கு எப்படித் தெரியும் என்றாள். நோட்டில் இரண்டு மாதத்துக்கும் "வரவில்லை" என்று எழுதினார். அக்டோபருக்கும் எழுதினார்.

நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. மின்சார ரசீது ஒன்றைத் தேடி மனைவி மாடிப்படிக்குக் கீழே கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவர் கூடத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அவள் ஏதோ வாசிக்கிற சத்தம் கேட்டது. வாரப் பத்திரிகையை வாசிக்கிற அதே வேகம், எங்கும் தடுக்கவில்லை. கதைதான் வாசிக்கிறாள் என்று முதலில் நினைத்தார்.

"அன்புள்ள தம்பிக்கு. கை கொஞ்சம் பரவாயில்லை. நீ வாங்கிக் கொடுத்த இரட்டைக் கோட்டு நோட்டில் இடதுகையால் பென்சிலைப் பிடித்து மெதுவாக எழுதுகிறேன். இவள் காலையில் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறாள். அவளைத் தப்புச் சொல்லாதே. ஒரு நாள் நான் அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன், பயந்துவிட்டாள். பூட்டுகிற சத்தம் எனக்குக் கேட்காது. கதவை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். தினமும் இழுத்துப் பார்க்கிறேன். வந்து என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போ. உன் மாடிப்படிக்குக் கீழே இடம் போதும். உன் வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா."

அவர் எழுந்து வந்தார். அது யார் எழுதியது என்று கேட்டார்.

"யாரா? அண்ணிதான். ஜூலையில வந்தது." அவள் தாளை நீட்டினாள். முகம் மாறியிருந்தது. "ஏங்க, கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கேட்டிருக்காங்களே. நீங்க என்ன பதில் எழுதினீங்க?"

தாள் முழுக்க அவருடைய வளைகோடுகள். அந்த வரி மட்டும் அவர் கண்ணில் நின்றது: "வந்து என்னை இகிங்ருந்து கூடிட்க்கொண்டு போ." ஓரத்தில் அவர் கையெழுத்தில் "இங்கிருந்து", அதற்கு மேலே "கூட்டிக்கொண்டு". முத்து முத்தாக இருந்தன. பின்னாலிருந்து வந்தபோது முதலில் "போ" வந்தது. அதில் பிழை இல்லை. பிறகு "கூட்டிக்கொண்டு", பிறகு "இங்கிருந்து". "என்னை" சரியாக இருந்தது. "வந்து" சரியாக இருந்தது. ஐந்து சொல்லையும் அவர் பார்த்திருந்தார். ஐந்து சொல்லும் சேர்ந்து என்ன கேட்டன என்று அவர் கேட்கவே இல்லை.

"நான் படிக்கல" என்றார். "திருத்தினேன்."

மனைவிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. முப்பது வருடமாக எதற்கும் ஒரு சொல் பாக்கி வைக்காதவள், உள்ளே போய் அவருடைய துணிகளைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை ரயிலேறி, 4ஆம் தேதி காலை பதினொன்றே கால் மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றார். கதவில் பூட்டு தொங்கியது. தட்டிப் பயனில்லை. பக்கவாட்டில் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தார். அக்கா கட்டிலில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகிவிட்டிருந்தாள். அவர் கையை ஆட்டினார். நிழல் அசைவதைப் பார்த்துத் திரும்பினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவை இழுத்தாள். அவர் வாசலுக்கு ஓடி வந்து வெளியிலிருந்து தள்ளினார். பூட்டு இருக்கிறது என்று தெரிந்தும் தள்ளினார். உள்ளே நான்கைந்து முறை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. மறுபடி ஜன்னலுக்குப் போனபோது அவள் கட்டிலில் பழையபடி உட்கார்ந்திருந்தாள்.

அக்கா மகள் வந்தது மாலை ஐந்து நாற்பதுக்கு. அதுவரை அவர் வாசற்படியிலேயே இருந்தார்.

அவளைத் திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. விரல்களில் பஞ்சு ஒட்டியிருந்தது. நின்றபடியே தூங்கிவிடுவாள் போல இருந்தாள். "என்ன மாமா பண்றது, திறந்து வச்சிட்டுப் போனா தெருவுல இறங்கிடறாங்க. வண்டி ஹாரன் கேக்காது. நான் யாரைக் காவல் வைக்கறது?" என்றாள். அழுதாள். கட்டிலுக்குக் கீழே துணிப்பை ஒன்று இருந்தது. ஆகஸ்டிலிருந்து அம்மா அதைக் கட்டிவைத்துக்கொண்டு எடுக்க விடுவதில்லை என்றாள். உள்ளே இரண்டு மாற்றுத் துணி, சீப்பு, மருந்துச் சீட்டு, அந்த இரட்டைக் கோட்டு நோட்டு.

அவர் நோட்டிலிருந்து தாள் ஒன்றைக் கிழித்து, பெரிய எழுத்தில் எழுதினார். "அக்கா, நான் உன் கடிதத்தைப் படிக்கவில்லை. திருத்தினேன். வரமாட்டேன் என்று சொல்லவில்லை." அவள் கையில் கொடுத்தார். அக்கா தாளைப் பார்த்தாள். சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு நான்காக மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

அக்கா மகள் அப்போதுதான் சொன்னாள். கொஞ்ச நாளாக இப்படித்தானாம். ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் செய்தித்தாளைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டாளாம். எந்தத் தேதி என்று கேட்டார். அக்டோபர் மூன்றாவது வாரம், தேதி நினைவில்லை என்றாள். இன்னொரு முறை மூளையில் சின்னதாக அடி விழுந்திருக்கும், யாருக்கும் தெரியாமல் போயிருக்கும் என்று டாக்டர் மறுநாள் சொன்னார். எழுத்து உள்ளே இருப்பதாக இந்த முறை அவர் சொல்லவில்லை.

காதில் சொல்ல முடியாது. எழுதிக் காட்ட முடியாது. அவருக்கு அன்று ஒரு பைத்தியக்கார யோசனை தோன்றியது. ஒருவேளை அவள் எழுதிய மாதிரியே எழுதினால் அவளுக்குப் படிக்க வருமோ? இன்னொரு தாளை எடுத்தார். அதே மூன்று வாக்கியத்தையும், ஒவ்வொரு சொல்லின் நடு எழுத்துகளையும் முன்பின்னாக மாற்றி மாற்றி எழுதினார். கை வரவில்லை. அவர் கை வேண்டுமென்று பிழை எழுதியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. ஒரு சொல்லுக்கு மூன்று தடவை அடித்து எழுத வேண்டியிருந்தது. முடித்துக் கொடுத்தார். அக்கா அதையும் மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

6ஆம் தேதி அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார். மாடிப்படிக்குக் கீழே அல்ல, கூடத்தில், வாசல் தெரிகிற இடத்தில் கட்டில் போட்டார்கள். மனைவி வீட்டுக்குள் நாலடிக்கு ஒரு பிடிமானம் என்று நாற்காலிகளை நகர்த்தி வைத்தாள். அவர் தச்சரைக் கூப்பிட்டு வாசற்கதவின் பூட்டையும் தாழ்ப்பாளையும் கழற்றச் சொன்னார். தச்சர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கழற்றினார்.

முதல் நாள் காலையில் அக்கா எழுந்து போய்க் கதவை இழுத்தாள். திறந்துகொண்டது. வெளியே பார்த்தாள். மூடினாள். மறுபடி இழுத்தாள். அன்றைக்கு மட்டும் பதினாறு முறை. அவர் எண்ணினார். தெருவில் ஒருநாளும் இறங்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டு வந்து படுத்துக்கொள்வாள். "ஊர்ப் பூனையெல்லாம் நம்ம வீட்டுப் பாலைத்தான் குடிக்குது" என்று மனைவி ஒருமுறை முணுமுணுத்தாள்; முணுமுணுத்துவிட்டுப் பாத்திரத்தைத்தான் உயரத்தில் வைத்தாள், கதவைச் சாத்தவில்லை. பத்து நாளில் அக்கா இழுத்துப் பார்ப்பது ஆறு முறையாகவும், பிறகு இரண்டு முறையாகவும் குறைந்தது. அவளுக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று சொல்வதற்கு அவரிடம் அந்த எண்ணிக்கையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அந்த நாட்களில் அவர் ஜூலைக் கடிதத்தின் நகலைத் தினமும் எடுத்து மேலிருந்து கீழே படித்தார். முதலில் கண் அடுத்த வரிக்குப் போக மறுத்தது. போகப்போகப் பழகியது. பழகியதும் வேறொன்று நடந்தது. நவம்பர் 20ஆம் தேதி, அவர் பார்த்து அனுப்பிய தாள் ஒன்றை மெஷின்காரர் இயந்திரத்தில் ஏற்றாமல் திரும்பக் கொண்டுவந்தார். இரண்டாவது பத்தியில் ஒரு சொல்லின் நடுவே எழுத்து இடம் மாறியிருந்தது. அன்று நல்லவேளையாக மெஷின்காரர் கண்ணாடி போடாமல், தடவித் தடவி வாசித்திருக்கிறார்.

"என்ன பூதக்கண்ணாடி, இது உன் கையெழுத்துதானா?"

அவருடையதுதான். அந்தப் பத்தியை அவர் படித்திருந்தார். தலைசுற்றல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததுகூட அவருக்கு நினைவிருந்தது. முதலாளியிடம் போய் இனிமேல் என் கண்ணை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாதக் கடைசியோடு வேலையை விட்டார்.

டிசம்பர் 14, ஞாயிறு, காலை ஏழு இருபதுக்கு அக்கா போய்விட்டாள். அன்று விடிந்ததும் ஒரு முறை கதவை இழுத்துப் பார்த்திருந்தாள். தலையணைக்குக் கீழே மூன்று தாள்கள் இருந்தன. இரண்டு அவர் நவம்பரில் எழுதியவை. மூன்றாவது, ஜூலையில் அவர் திருத்தி அனுப்பியது, மடிப்பில் கிழிந்து போயிருந்தது. "பிழை 41" என்ற சீட்டு அதில் இல்லை. அதை அவள் என்ன செய்தாள் என்று தெரியவில்லை.

அந்த மாதமே இன்னொரு தபால் வந்தது. பழுப்பு உறை. நான்கு வட்ட முத்திரை, மூலையில் யாரோ நீலப் பென்சிலால் எழுதித் திருத்திய குறிப்பு. முகவரி அக்காவின் இடதுகை எழுத்து. மகள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஜன்னல் கம்பி வழியாகத் தபால்காரர் கையில் கொடுத்திருக்க வேண்டும். தெருவின் பெயரும் ஊரின் பெயரும் கலைந்து கிடந்தன. அவற்றை எந்தத் தபால்காரரும் படித்துவிடுவார். ஆறு இலக்கத் தபால் எண்ணும்கூடக் கலைந்து கிடந்தது. கலைந்த எண்ணை அடுக்கிக்கொள்ள எந்த மனசாலும் முடியாது. 1274ஐ 1724 என்று எழுதினால் அது 1724தான். கடிதம் அவருக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று ஊர்களுக்குப் போய்விட்டு வந்திருந்தது.

வாசலில் நின்றபடியே பிரித்தார். மேலிருந்து படித்தார். எங்கும் நிற்காமல் படித்தார்.

"அன்புள்ள தம்பிக்கு. நீ திருத்தி அனுப்பியது வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் நீ படித்திருக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா. அதனால் இதை நீ தொடாதே. உன் வீட்டுக்காரியிடம் கொடு. அவள் படித்துச் சொல்வாள். சொன்னதும் நீ கிளம்பி வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். காத்திருக்கிறேன்."

ஆக, திருத்தி அனுப்பியதற்கு அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும், தம்பி மனைவி படித்துச் சொல்லியிருப்பாள், இன்று வருவான், நாளை வருவான் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஆகஸ்ட் முழுவதும், செப்டம்பர் முழுவதும், அக்டோபரில் எழுத்து அவளை விட்டுப் போன அந்தத் தேதி தெரியாத நாள் வரைக்கும். அவர் போய் ஜன்னலில் நின்று கையை ஆட்டியபோது அவள் யாருடைய முகத்தைப் பார்த்தாள், கடைசியில் வந்துவிட்ட தம்பியையா, இரண்டு கடிதத்துக்கும் வராமல் இருந்த தம்பியையா? அதை எழுதிக் காட்ட அவளிடம் அப்போது எழுத்து இல்லை.

கடிதத்தில் சொல்லியிருந்தபடி அதை மனைவியிடம் கொடுத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். இந்த முறை வாய்விட்டு வாசிக்கவில்லை.

"அன்னிக்கே நான் உங்க கையிலிருந்து பிடுங்கிப் படிச்சிருக்கணும்" என்றாள். "பாலு பொங்கிடுச்சுன்னு போயிட்டேன்."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசற்கதவு திறந்தே கிடந்தது. பிறகு எழுந்து, நீள நோட்டை எடுத்து, உறையிலிருந்த முத்திரைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். புறப்பட்ட முத்திரையில் ஆகஸ்ட் 8. வந்து சேர்ந்தது டிசம்பர் 29, திங்கட்கிழமை.